முதல் பவளத் தொட்டிக்கு வடிகட்டும் சாதனங்கள்: எதை எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது

கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்பும் பலர் முதலில் வாங்கும் பொருள், கழிவை நுரையாக வெளியேற்றும் ஸ்கிம்மர். அதன் பிறகு தொட்டி, அதன் பிறகு தொட்டியை வைக்கும் அலமாரி, கடைசியில் தண்ணீர் என்று வேலை தலைகீழாக நடக்கிறது. அலமாரிக்குள் ஸ்கிம்மர் நுழையாமல் போவதும், மின்தடையின்போது தரை முழுக்க உப்புநீர் பரவுவதும், இரண்டாம் மாதத்தில் பாறையெல்லாம் பழுப்பு நிறப் பாசி படர்வதும் பெரும்பாலும் இந்த வரிசைப் பிழையின் விளைவுகள். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் முடிவு செய்தால், ஒவ்வொரு முடிவும் அடுத்த சாதனத்தின் அளவை உங்களுக்குச் சொல்லிவிடும்.

கணக்குகளுக்கு எடுத்துக்காட்டாக, சென்னையில் ஒரு வீட்டு வரவேற்பறையில் வைக்கப்படும் 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரமுள்ள தொட்டியை எடுத்துக்கொள்கிறேன். அதன் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 182 லிட்டர். பாறையும் மணலும் இட்டபின் உண்மையில் நிற்கும் நீர் 150 லிட்டருக்குச் சற்று மேலே இருக்கும். முதல் தொட்டிக்கு இந்த அளவு பொருத்தமானது. இதைவிட மிகச் சிறிய தொட்டியில் ஒரே நாள் ஆவியாதலே உப்பின் அளவை மாற்றிவிடும்.

1. எந்த உயிர்கள், எத்தனை என்பதை முதலில் எழுதுங்கள்

வடிகட்டியின் வேலை, தீவனமும் கழிவும் நீரில் சேர்க்கும் பொருள்களைக் கையாள்வது. எவ்வளவு தீவனம் போடப்போகிறோம் என்று தெரியாமல் எந்தச் சாதனத்தின் அளவையும் முடிவு செய்ய முடியாது. இந்தத் தொட்டிக்கு இரண்டு கோமாளி மீன்கள், ஒரு கோபி மீன், ஒரு சிறிய பிளெனி மீன், சில நத்தைகள், துறவி நண்டுகள் என்ற பட்டியல் போதும்.

பவளங்களின் தேர்வில் சட்டம் குறுக்கே நிற்கிறது. அதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. கல் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும், கரும்பவளமும், நெருப்புப் பவளமும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணைப் பாதுகாப்பு பெற்றவை. வெளிநாட்டுக் காணொளிகளில் காணும் கிளைப் பவளத் தொட்டியை நம் ஊரில் நகலெடுக்க முயல்வது சட்டப்படியும் தவறு, வடிகட்டிச் செலவின்படியும் வீண். சோவாந்தஸ், காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென் பவளங்களே தொடக்கநிலையாளருக்கு உரியவை. இவை மிகத் தூய்மையான நீரைக் கேட்பதில்லை. நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு), பாஸ்பேட் 0.05 முதல் 0.1 பி.பி.எம். அளவில் இவை நன்றாக விரிந்து வளரும். இந்த ஓர் உண்மை உங்கள் சாதனப் பட்டியலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

கோமாளி மீன்களை வளர்ப்புக் குஞ்சுகளாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் இவற்றின் குஞ்சு உற்பத்தியை ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது. தொட்டியிலேயே பிறந்த மீன் உலர் தீவனத்தைத் தயங்காமல் உண்ணும். கடலில் பிடித்த மீன் உண்ண மறுத்து விட்டுவைக்கும் தீவனம் முழுவதும் வடிகட்டியின் தலையில்தான் விழும்.

2. தொட்டிக்குள் வரும் தண்ணீர்

எந்த வடிகட்டியும் நீங்களே ஊற்றும் அழுக்கோடு போட்டியிட்டு வெல்ல முடியாது. ஆகவே முதல் செலவு, கழிவு நீக்கத்திற்கு அல்ல, தூய நீர் தயாரிப்பிற்கே.

சமையலறை ஆர்.ஓ. இயந்திரத்தின் நீர் போதும் என்று நினைப்பதுதான் இங்கே மிகப் பரவலான பிழை. பல இயந்திரங்களில் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு) கட்டுப்படுத்தி ஒன்று இருக்கும். சுவைக்காக அது வடிகட்டாத நீரில் கொஞ்சத்தை மீண்டும் கலந்துவிடும். அதனால் வெளிவரும் நீரின் டி.டி.எஸ். எளிதாக 50ஐத் தாண்டும். கேன் தண்ணீரின் நிலையும் பெரும்பாலும் இதுவே. மீட்டர் காட்டும் அந்த எண்ணுக்குள் சிலிக்கேட், பாஸ்பேட், நைட்ரேட் ஆகியவை எந்த அளவில் இருக்கின்றன என்பது நமக்குத் தெரியாது, பாசிக்குத் தெரிந்துவிடும்.

தீர்வு எளிது. கலக்கும் குழாயை அடைத்துவிட்டு, ஆர்.ஓ. சவ்வுக்குப் பிறகு, எஞ்சிய கரைபொருள்களை அயனிகளாகப் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் நிரப்பிய ஒரு குப்பியைச் சேர்க்க வேண்டும். குடிநீருக்குத் தனி இணைப்பு தேவை என்பதால், தொட்டிக்கென்று தனியாக ஒரு சிறிய அமைப்பு வைப்பதே நல்லது. வெளிவரும் நீரின் டி.டி.எஸ். 0 காட்ட வேண்டும். 2 அல்லது 3 காட்டத் தொடங்கினால் ரெசினை மாற்றுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரின் டி.டி.எஸ். மிக அதிகமாக இருக்கும் பகுதிகளில் ரெசின் விரைவில் தீரும். அங்கே சவ்வின் தரத்தில் சிக்கனம் பார்த்தால் ரெசினில் இரட்டிப்பாகச் செலவாகும்.

கடற்கரையிலிருந்து நேரடியாக நீர் எடுத்து வருவதை நான் பரிந்துரைப்பதில்லை. கூவமும் அடையாறும் கடலில் கலக்கும் இடங்களை ஒட்டிய நீரில் என்ன இருக்கிறது என்று வீட்டுச் சோதனைப் பெட்டியால் கண்டுபிடிக்க முடியாது.

3. பாறையே முதன்மை வடிகட்டி

மீன் வெளியிடும் அம்மோனியாவை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொருவகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. இவை நீரில் மிதப்பதைவிட நுண்துளைகள் உள்ள பரப்புகளில் ஒட்டி வாழ்வதே அதிகம். கடல்நீரின் பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருப்பதால், அதே அளவு அம்மோனியா நன்னீரைவிட இங்கே கூடுதல் நஞ்சாகும். ஆகவே பாறையின் தரத்தில் சமரசம் கூடாது.

‘லைவ் ராக்’ என்ற பெயரில் கடலிலிருந்து எடுத்த பாறை விற்கப்பட்டால், அது பெரும்பாலும் பவள எலும்புக்கூடு. அதை வாங்குவதும் மேலே சொன்ன சட்டத்தின் பிடியில் வரும். செயற்கையாகச் செய்த நுண்துளைப் பீங்கான் பாறையை வாங்குங்கள். 10 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ என்பது தொடக்கக் கணக்கு. எடை குறைந்த, துளை மிகுந்த பாறையானால் இன்னும் குறைவாகப் போதும். பாறையை வாங்கியதும் சில நாட்கள் தூய நீரில் ஊறவைத்து, அந்த நீரில் பாஸ்பேட் சோதனை செய்து பாருங்கள். அளவு உயர்ந்தால் நீரை மாற்றி மீண்டும் ஊறவைக்க வேண்டும்.

பாறைகளைச் சுவர்போல அடுக்கிப் பின்கண்ணாடியோடு ஒட்டி வைப்பது அடுத்த பிழை. நீர் நுழையாத இடத்தில் பாக்டீரியா வேலை செய்யாது, கழிவு மட்டும் சேரும். பாறைக்கும் கண்ணாடிக்கும் இடையில் கை நுழையும் அளவு இடைவெளி விடுங்கள்.

4. சம்ப், கேனிஸ்டர், தொங்கு வடிகட்டி

இந்த மூன்றில் எது என்பது இந்தக் கட்டத்தில்தான் முடிவாக வேண்டும்; தொட்டி செய்யக் கொடுக்கும் முன்னரே முடிவாக வேண்டும். சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் இரண்டாவது தொட்டி) என்றால், நீர் இறங்கத் தொட்டியின் கண்ணாடியில் துளை தேவைப்படும். தொட்டியில் நீர் நிரப்பியபின் துளையிட முடியாது. உறுதியேற்றிய கண்ணாடியில் எப்போதுமே துளையிட முடியாது, மொத்தமாகச் சிதறிவிடும்.

என் தேர்வு சம்ப். அது மொத்த நீரின் அளவைக் கூட்டுகிறது, எல்லாச் சாதனங்களையும் மறைக்கிறது, ஆவியாதலால் ஏற்படும் மட்டக் குறைவைத் தன்னிடம் மட்டும் வைத்துக்கொள்கிறது. மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெய்ப் படலமும், மேல்நீர் சம்ப்புக்கு வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ வழியாகத் தானே வழிந்துவிடும்.

கேனிஸ்டர் வடிகட்டி நன்னீர்த் தொட்டியில் சிறந்த சாதனம். பவளத் தொட்டியில் அதற்கு இரண்டு குறைகள் உண்டு. மூடிய பெட்டி என்பதால் வாரந்தோறும் திறந்து கழுவுவது பெரும்பாலோரால் தொடர முடியாத வேலை. கழுவாத பஞ்சில் சேர்ந்த கழிவு நைட்ரேட்டாக மாறிக்கொண்டே இருக்கும். இரண்டாவது குறை மின்தடை. பெட்டிக்குள் அடைபட்ட நீரில் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியாக்கள் மடியத் தொடங்கும். மின்சாரம் திரும்பியதும் அந்த நீர் முழுவதும் தொட்டிக்குள் கொட்டும். ஏற்கெனவே கேனிஸ்டர் வைத்திருப்பவர், ஓரிரு மணி நேரத்திற்கு மேல் மின்சாரம் இல்லாமல் போனால், உள்ளிருக்கும் நீரைக் கொட்டிவிட்டுத்தான் மீண்டும் இயக்க வேண்டும்.

தொட்டியின் விளிம்பில் மாட்டும் தொங்கு வடிகட்டி 60 லிட்டருக்குக் குறைவான, ஓரிரு மீன்கள் மட்டும் உள்ள தொட்டிக்குப் போதும்.

5. சம்ப்பின் அளவும் மின்தடைக் கணக்கும்

இந்தப் பகுதியை மட்டுமாவது தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு படியுங்கள். பம்ப் நின்றதும் மேல்தொட்டியின் நீர் இரண்டு வழிகளில் கீழே இறங்கும்: ஓவர்ஃப்ளோவின் விளிம்புக்கு மேலே நிற்கும் நீர் வழிந்து இறங்கும், சம்ப்பிலிருந்து நீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் குழாயின் வாய் நீருக்குள் மூழ்கியிருந்தால், அதன் வழியாகவும் நீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு இறங்கும்.

நம் தொட்டியில் நீர்மட்டம் 1 செ.மீ. குறைந்தால் இறங்குவது 90 × 45 × 1 கன செ.மீ., அதாவது ஏறத்தாழ 4 லிட்டர். ரிட்டர்ன் குழாயின் வாய் மேற்பரப்பிலிருந்து 6 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 24 லிட்டர் இறங்கும். குழாய்களிலும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் நிற்பது இன்னும் நான்கைந்து லிட்டர். இப்போது 60 × 35 × 35 செ.மீ. அளவுள்ள சம்ப்பை 22 செ.மீ. மட்டத்தில் இயக்குகிறோம் என்று கொள்வோம். மேலே மீதமுள்ள 13 செ.மீ. உயரத்தில் 27 லிட்டர்தான் கொள்ளும். ஆகத் தரையில் நீர். அதே வாயை 2 செ.மீ. ஆழத்திற்கு உயர்த்தினால் இறங்குவது மொத்தம் 13 லிட்டருக்குள் அடங்கிவிடும்.

ஒருவழி வால்வு போட்டால் இந்தக் கணக்கு தேவையில்லை என்று கடைகளில் சொல்வார்கள். உப்பும் நத்தையும் பாசியும் புகும் இடத்தில் வால்வு ஒருநாள் முழுமையாக மூடாமல் போகும். அந்த நாள் நீங்கள் வெளியூரில் இருக்கும் நாளாகவே இருக்கும். குழாயின் வாயை உயர்த்துவதற்கு ஈடு வேறில்லை. மேற்பரப்பை ஒட்டிக் குழாயில் ஒரு சிறு காற்றுத் துளையிடுவதும் உதவும், ஆனால் அதை மாதந்தோறும் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும்.

சம்ப்பில் மூன்று அறைகள் போதும். முதலில் நீர் விழும் அறை, அடுத்து ஸ்கிம்மர் அறை, கடைசியில் ரிட்டர்ன் பம்ப் அறை. இரண்டாம் அறையின் மட்டத்தைத் தடுப்புக் கண்ணாடி நிலையாக வைத்திருக்கும். ஆவியாதல் முழுவதும் மூன்றாம் அறையில் தெரியும். ஸ்கிம்மரைக் கடைசி அறையில் வைப்பவர்கள், அது காலையில் ஒரு விதமாகவும் மாலையில் வேறு விதமாகவும் நுரைப்பதாகக் குறைப்படுவதன் காரணம் இதுதான். தடுப்பின் உயரத்தை ஸ்கிம்மரைத் தேர்ந்தெடுத்தபிறகே கண்ணாடிக்காரரிடம் சொல்லுங்கள். பெரும்பாலான ஸ்கிம்மர்கள் 18 முதல் 23 செ.மீ. ஆழத்தைக் கேட்கும்.

6. ரிட்டர்ன் பம்ப்

சம்ப் வழியாக மணிக்கு மொத்த நீரைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு ஓடினால் போதும். நம் அமைப்பில் 200 லிட்டர் நீர் என்றால் 800 லிட்டர் அளவு. அதற்கு மேல் ஓட்டினால் ஓவர்ஃப்ளோ இரைச்சலும் சம்ப்பில் காற்றுக் குமிழிகளும்தான் கூடும். பவளங்களுக்குத் தேவையான வலுவான நீரோட்டத்தை, தொட்டிக்குள்ளேயே நீரைச் சுழற்றும் வேவ்மேக்கர் என்ற பம்ப் தர வேண்டும். மென் பவளங்களுக்கு மணிக்குத் தொட்டி அளவின் 15 முதல் 25 மடங்கு சரியானது. மூலைகளில் கழிவு தங்காமல் கிளப்பி ஓவர்ஃப்ளோவிற்கு அனுப்புவதும் அதுவே என்பதால், வேவ்மேக்கரையும் வடிகட்டும் அமைப்பின் பகுதியாகவே எண்ணுங்கள்.

பெட்டியில் அச்சிட்ட எண், பம்ப் நீரை உயர்த்தாமல் தள்ளும்போது கிடைக்கும் அளவு. நாம் ஒன்றேகால் மீட்டர் உயர்த்துகிறோம். முழங்கை வளைவுகளும் இழப்பைக் கூட்டும். ஆகவே உயரத்திற்கேற்ற ஓட்டம் காட்டும் வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். வரைபடம் இல்லாத பம்ப் என்றால் 2000 முதல் 2500 லிட்டர் என்று எழுதியதை வாங்கி, ரிட்டர்ன் வாயில் ஒரு வாளியைப் பிடித்து அளவிடுங்கள். 10 லிட்டர் நிரம்ப 40 வினாடி ஆனால் ஓட்டம் மணிக்கு 900 லிட்டர்.

வேகம் மாற்றக்கூடிய டி.சி. பம்ப் விலை கூடுதல்தான். ஆனால் அது குறைந்த மின்சாரத்தில் ஓடி, நீருக்குக் குறைந்த வெப்பத்தையே விடுகிறது. சென்னைக் கோடையில் அந்த வேறுபாடு தெரியும்.

7. ஸ்கிம்மர்

அலை கரையில் ஒதுக்கும் பழுப்பு நுரையைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கிம்மர் செய்வதும் அதுவே. நுண்ணிய காற்றுக் குமிழிகளின் மேற்பரப்பில் கரிமக் கழிவுகள் ஒட்டிக்கொண்டு மேலேறிக் கோப்பையில் விழுகின்றன. மற்ற வடிகட்டிகள் கழிவு அழுகிய பிறகு கையாளுகின்றன. இது அழுகுமுன்பே நீரைவிட்டு வெளியேற்றுகிறது. கூடவே நீருக்கு ஆக்சிஜனும் ஊட்டுகிறது.

பெரிதாக வாங்கினால் நல்லது என்ற பொது அறிவு இங்கே பொருந்தாது. நான்கு மீன்கள் உள்ள தொட்டியில் 1000 லிட்டருக்கான ஸ்கிம்மரை வைத்தால், நுரை நிலைத்து நிற்கப் போதுமான கரிமப் பொருள் நீரில் இருக்காது. கோப்பை நாட்கணக்கில் வறண்டு கிடக்கும். 200 லிட்டர் அமைப்புக்கு 300 முதல் 400 லிட்டர் என்று குறிக்கப்பட்ட, காற்றை நுண்குமிழிகளாக உடைக்கும் ஊசிச்சக்கர வகை சரியானது.

வாங்குமுன் உயரத்தை அளக்க வேண்டும். ஸ்கிம்மர் 45 செ.மீ. என்றால், கோப்பையைக் கழற்றி மேலே தூக்க இன்னும் 12 முதல் 15 செ.மீ. வேண்டும், சம்ப்பின் அடிக்கண்ணாடியும் கீழே விரித்த மெத்தையும் 2 செ.மீ. எடுத்துக்கொள்ளும். அலமாரியின் உட்புறம் 62 செ.மீ.க்குக் குறைந்தால், ஒவ்வொரு முறை கோப்பை கழுவவும் ஸ்கிம்மரையே சாய்த்து எடுக்க வேண்டியிருக்கும். அப்படிச் செய்பவர் மூன்றாம் வாரத்திலிருந்து கழுவுவதை நிறுத்திவிடுவார்.

புதிய ஸ்கிம்மர் முதல் ஒன்றிரண்டு வாரங்களுக்குப் பொங்கி வழியலாம், அல்லது நுரைக்காமலே இருக்கலாம். உள்பரப்பில் மெல்லிய படலம் படியும்வரை அது அப்படித்தான் இருக்கும். நுரை மட்டத்தைச் சரிசெய்யும் திருகை ஒரு நாளைக்கு ஒரு முறைக்கு மேல் தொடாதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவிய கையைத் தொட்டிக்குள் விட்டால் நுரை சில மணி நேரம் அடங்கிவிடும்; அதற்காகச் சாதனத்தைக் குறை சொல்லித் திருகையை மாற்ற வேண்டாம். கோப்பையின் கழுத்தை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை துடையுங்கள். காற்றுக் குழாயின் வாயில் உப்பு படிந்தால் வெதுவெதுப்பான தூய நீரை உறிஞ்சவிட்டால் கரைந்துவிடும்.

குளிர்சாதன அறையில் கதவடைத்துத் தொட்டி வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அறையில் சேரும் கரியமில வாயுவால் பி.எச். 7.8 வரை இறங்கலாம். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை நீட்டிச் சன்னலுக்கு வெளியே விட்டால் பெரும்பாலும் சரியாகும்.

8. துகள் வடிகட்டல்

நீர் விழும் அறையில் 200 மைக்ரான் வடிபை ஒன்று போதும். நான்கைந்து பைகள் வாங்கி, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை மாற்றித் துவையுங்கள். சோப்புத் தூள் சேர்க்கக் கூடாது. மாற்றாத பை தனக்குள்ளேயே கழிவை அழுகவைக்கும் என்பதால், பையே இல்லாமல் இருப்பது அதைவிட மேல். நன்னீர்த் தொட்டியில் பழகியவர்கள் விரும்பும் பயோ பந்துகளும் (பாக்டீரியா ஒட்டி வாழ்வதற்கான பிளாஸ்டிக் பந்துகள்) இதே காரணத்தால் இங்கே வேண்டாம்.

9. கார்பனும் பாஸ்பேட் நீக்கியும் கடைசியாக

கார்பன், அதாவது செயலூட்டிய கரி, நீரின் மஞ்சள் நிறத்தையும், மென் பவளங்கள் ஒன்றையொன்று எதிர்த்து வெளியிடும் வேதிப்பொருள்களையும் உறிஞ்சும். ஆகவே பவளங்கள் வந்தபின் சிறிதளவு கார்பனைப் பையிலிட்டு நீரோட்டத்தில் வைத்து, மாதம் ஒருமுறை மாற்றலாம். தூள் போகும்வரை முன்பே கழுவிவிடுங்கள்.

இரும்பு ஆக்சைடு பாஸ்பேட் நீக்கியைத் தொடக்கத்தில் வாங்கவே வேண்டாம். புதிய தொட்டியில் பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் பூஜ்யமானால், பவளம் பட்டினி கிடப்பதோடு, டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்களின் சளி போன்ற படலம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சாதாரணப் பாசியைவிட அதை ஒழிப்பது பல மடங்கு கடினம். சோதனையில் பாஸ்பேட் 0.1 பி.பி.எம்.க்கு மேலே வாரக்கணக்கில் நின்று, தீவனத்தைக் குறைத்தும் இறங்கவில்லை என்றால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள். யு.வி. விளக்கும் பாசி வளர்க்கும் அறையும் அவ்வாறே. ஆறு மாதம் கழித்து முடிவு செய்யலாம்.

10. வெப்பமும் மின்சாரமும்

நீரின் வெப்பநிலை 25 முதல் 27 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். கோடையில் சென்னை வீட்டுத் தொட்டி தானாகவே 30ஐத் தாண்டும். மேலே விசிறி வைத்தால் ஆவியாதலால் ஓரளவு குளிரும், ஆனால் கடலோர ஈரக்காற்றில் அதன் பயன் குறைவு. ஆகவே நீரைக் குளிர்விக்கும் சில்லருக்கான செலவையும் இடத்தையும் இப்போதே ஒதுக்குங்கள். விசிறி ஓடினால் நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும்; ஈடுசெய்ய உப்பில்லாத ஆர்.ஓ. - டி.ஐ. நீரையே ஊற்ற வேண்டும். மிதவையுடன் கூடிய தானியங்கி நிரப்பியை மூன்றாம் அறையில் வைப்பது, எந்த விலையுயர்ந்த வடிகட்டியைவிடவும் தொட்டியை நிலையாக வைத்திருக்கும்.

மின்தடைக்கு இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டியது வேவ்மேக்கரை. ரிட்டர்ன் பம்ப் அடுத்ததே. சில வாட் மட்டுமே எடுத்து மேற்பரப்பைக் கலக்கி ஆக்சிஜன் தருவது வேவ்மேக்கர்தான். இன்வெர்ட்டர் சைன் அலை வகையாக இருக்கட்டும். சதுர அலையில் ஏ.சி. பம்புகள் இரைந்து சூடாகும். ஒவ்வொரு கம்பியும் செருகியை அடையுமுன் கீழே ஒருமுறை தொங்கி மேலேற வேண்டும். வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். தொட்டியின் இணைப்புக்குக் கசிவுமின் துண்டிப்பான் கட்டாயம். நீர் தொடும் இடத்தில் செம்பு, பித்தளை, இரும்புப் பிடிப்பான் எதுவும் கூடாது. செம்பு நத்தைகளையும் பவளங்களையும் கொல்லும்.

11. இயக்கும் வரிசை

முதலில் தூய நீர் மட்டும் நிரப்பி, ஒருநாள் முழுவதும் கசிவு பாருங்கள். பிறகு பம்பை ஓட்டி, செருகியைப் பிடுங்கி, சம்ப்பில் நீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் கோடு போடுங்கள். இந்தச் சோதனையை உப்பு கலந்தபின் செய்பவர்களே அதிகம். வழிந்தால் தரையோடு உப்பின் காசும் போகும்.

அடுத்து, ஒப்படர்த்தி 1.025 வரும்வரை உப்பைக் கலக்கி, பாறையை அடுக்கி, வெப்பநிலையை நிலைநிறுத்துங்கள். பாட்டில் பாக்டீரியாவை ஊற்றி, அம்மோனியாவை 2 பி.பி.எம். அளவுக்குச் சேர்க்கவும். முதல் மூன்று நான்கு நாட்கள் ஸ்கிம்மரை நிறுத்தி, வடிபையையும் எடுத்துவிடுங்கள். ஊற்றிய பாக்டீரியா பாறையில் ஒட்ட அவகாசம் வேண்டும். விளக்குகளும் அணைந்தே இருக்கட்டும்.

சேர்த்த 2 பி.பி.எம். அம்மோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யமாக நிற்கும் நாளில், பாக்டீரியா நிலைகொள்ளும் இந்தச் சுழற்சி முடிந்தது. வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அன்று நீரில் கால்பங்கை மாற்றி, ஸ்கிம்மரை இயக்கி, இரண்டு கோமாளி மீன்களை மட்டும் விடுங்கள். அடுத்த மீனுக்கு இரண்டு வாரம் கழித்து, அம்மோனியா சோதனை இரண்டு முறை தொடர்ந்து பூஜ்யம் காட்டியபின் கடைக்குப் போகலாம்.